விட்டிங்டனின் கணக்குக் குச்சி

அன்பு மகளுக்கு,

லண்டனில் ஹைகேட் குன்றுச் சாலையோரம் பூனை உட்கார்ந்திருக்கும் விட்டிங்டன் நினைவுக் கல்லைப் பார்த்ததாகவும், பூனையால் பணக்காரரானதாகக் கதை சொல்லப்படும் அந்தப் பழைய லண்டன் மேயர் விட்டிங்டனுக்கு உண்மையில் பணம் எப்படி வந்தது என்றும் கேட்டு எழுதியிருந்தாய். பூனைக் கதை அவர் காலமாகி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு கிளம்பியது, அதை விட்டுவிடலாம். வங்கியில் கடன் பிரிவில் இருக்கும் நீ, அவர் ராஜாக்களுக்குக் கடன் கொடுத்துத் திரும்ப வாங்கிய விதத்தைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரிச்சர்ட் விட்டிங்டன் ஏழை வீட்டுப் பிள்ளை இல்லை. குளோஸ்டர்ஷயரில் பான்ட்லி என்ற ஊர், அப்பா நிலபுலன் உள்ள நைட், அதாவது வீரப் பட்டம் பெற்றவர். மூத்தவனுக்கே நிலம் போகும் என்பதால் இளையவரான இவர் லண்டனுக்கு மெர்சர் தொழில் பழகப் போனார். வெல்வெட், பட்டு, டமாஸ்க், பொன்னிழைத் துணி விற்பதுதான் அந்தத் தொழில். 1379-ல் நகரத்துக்கு அவரால் கொடுக்க முடிந்தது 5 மார்க், அதாவது 3 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்ஸ். 1392-க்கும் 1394-க்கும் இடையில் இரண்டாம் ரிச்சர்ட் மன்னரின் உடை பண்டாரத்துக்கு மட்டும் ஏறத்தாழ 3,500 பவுண்டுக்குச் சரக்கு கொடுத்திருக்கிறார்.

அரண்மனையோடு வியாபாரம் செய்தால் அரண்மனைக்குக் கடனும் கொடுத்தாக வேண்டும். 1388-லிருந்து சாகும்வரை ஐம்பதுக்கு மேற்பட்ட தடவை கொடுத்தார். வட்டி வாங்குவதைத் திருச்சபை தடுத்திருந்தது, ராஜா மேல் வழக்குப் போடவும் முடியாது. ஈடாகக் கையில் கிடைப்பது ஒரு மரக்குச்சி. பெரும்பாலும் ஹேசல் மரம். 1,000 பவுண்டுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு வெட்டு, 100-க்குக் கட்டைவிரல் அகலம், 20-க்குச் சுண்டுவிரல் அகலம், 1 பவுண்டுக்குப் பருத்த பார்லி மணியளவு. வெட்டி முடித்ததும் குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். நீளத் துண்டு கடன் கொடுத்தவருக்கு, குட்டைத் துண்டு கஜானாவுக்கு. இரண்டையும் ஒட்டிவைத்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக வெட்டி ஏமாற்ற முடியாது.

குச்சியில் பொய் இல்லை, ஆனாலும் பணம் வராமல் போகும். "இன்ன துறைமுகச் சுங்கத்தில் வாங்கிக்கொள்" என்று சொல்லித்தான் குச்சியைக் கொடுப்பார்கள். வரப்போகும் வசூலைவிட அதிகத் தொகைக்கு அதே சுங்கத்தின் மேல் பலருக்கும் குச்சி கொடுத்துவிடுவார்கள். முந்திப் போனவருக்குப் பணம், பிந்தியவர் வெறும் குச்சியோடு திரும்ப வேண்டியதுதான்.

விட்டிங்டன் செய்ததைக் கவனி. எந்த வரவிலிருந்து கடன் அடைய வேண்டுமோ, அந்த வசூலையே தன் கைக்குக் கொண்டுவந்தார். அன்றைய இங்கிலாந்தின் பெரிய வரவு கம்பளி ஏற்றுமதிச் சுங்கம். 1401-லிருந்து சில ஆண்டுகள் லண்டன் கம்பளிச் சுங்கத்துக்கு அவரே தண்டல்காரர். பணம் உள்ளே வரும் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் குச்சி வரிசையில் நிற்குமா? தானும் கம்பளி ஏற்றுமதி செய்தார். கடனுக்கு ஈடாகச் சுங்கம் கட்டாமல் மூட்டைகளை அனுப்பும் அனுமதியும் பெற்றார். நம் கண்ணுக்கு இது நேர்மைக்குறைவாகத் தெரியும். அன்று இது வெளிப்படையாக நடந்த ஏற்பாடு, வட்டிக்குப் பதிலாக நின்றதும் இதுதான். 1399-ல் ரிச்சர்ட் மன்னர் பதவி இழந்தபோதும் விட்டிங்டன் விழவில்லை. அடுத்து வந்த நான்காம் ஹென்றி ஏற்கெனவே இவரிடம் துணி வாங்கியவர்.

மேயர் பதவியும் ராஜா வழியாகத்தான் வந்தது. 1392-ல் இரண்டாம் ரிச்சர்ட் லண்டனின் உரிமைகளைப் பறித்திருந்தார். 1397 ஜூனில் மேயர் ஆடம் பாம் இறந்ததும் தேர்தலே இல்லாமல் விட்டிங்டனை உட்கார வைத்தார். விட்டிங்டன் 10,000 பவுண்டுக்குப் பேசி முடித்து உரிமைகளை மீட்டார். அதே அக்டோபரில் நகரத்தாரே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1406-லும் 1419-லும் மறுபடி மேயர்.

கடனாளிகளை அடைத்த லட்கேட் சிறையை 1419-ல் மூடி, கைதிகளை நியூகேட் சிறைக்கு மாற்றினார்கள். அங்கே நாற்றத்திலும் கெட்ட காற்றிலும் பலர் செத்தார்கள். அந்த ஆண்டு மேயரானதும் விட்டிங்டன் லட்கேட்டைத் திரும்பத் திறந்தார். அவர் செய்ததில் என் மனம் இதன் மேல்தான் அதிகம் நிற்கிறது.

1423-ல் இறந்தார். மனைவி ஆலிஸ் முன்பே போய்விட்டார், குழந்தை இல்லை. சொத்தை அவர் உயிலின் நிறைவேற்றுநர்கள் செலவழித்தார்கள்: நியூகேட் சிறையைத் திரும்பக் கட்டினார்கள், நகர மன்றமான கில்ட்ஹாலில் நூலகம் அமைத்தார்கள், முதியோர் இல்லம் தொடங்கினார்கள். அந்த இல்லம் இடம் மாறினாலும் மெர்சர் சங்கத்தின் பொறுப்பில் இன்றும் நடக்கிறது. தேம்ஸ் கரையில் அவர் பெயரால் பொதுக் கழிப்பிடமும் எழுந்தது. ஆண்களுக்கு 64 இருக்கை, பெண்களுக்கு 64. ஆற்றின் ஏற்றவற்றம் வந்து கழுவிக்கொண்டு போகும்.

கேனன் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் பக்கத்தில் காலேஜ் ஹில் என்று சின்னத் தெரு இருக்கிறது. அவர் வீடு அங்கேதான் இருந்தது. அவர் புதைக்கப்பட்ட தேவாலயமும் அங்கேதான், 1666 பெருந்தீயில் எரிந்து பிறகு மறுபடி கட்டியது. மதிய இடைவேளையில் ஒரு நாள் போய் வா. உள்ளே வண்ணக் கண்ணாடி ஜன்னலில் அவர் நிற்பார். பூனையும் உண்டு. படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா