ஆறு மணி என்றால் யாருடைய ஆறு மணி?

அன்புள்ள சந்திரசேகரன் அவர்களுக்கு,

வணக்கம். நலமே, உங்கள் நலத்தையும் விழைகிறேன். கலைந்து கிடக்கும் நம் வாசிப்பு வட்டத்தைத் திரும்பக் கூட்டலாம் என்று நீங்கள் எழுதியிருந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. ஒவ்வொரு மாதமும் மூன்றாம் சனிக்கிழமை டொரொன்டோ நேரப்படி காலை 6 மணிக்குக் காணொளியில் சந்திக்கலாம் என்று நேரத்தையும் குறித்துவிட்டு, அது லண்டனில் இருக்கும் மீனாட்சிக்கும், நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இருக்கும் பாலுவுக்கும், சிங்கப்பூரில் இருக்கும் எனக்கும் எத்தனை மணி என்று ஒரு வரியில் எழுதி அனுப்பும்படி கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை எழுத முடியாது. ஏன் முடியாது என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம் நீள்கிறது.

கணக்கு என்று பார்த்தால் கடினம் ஒன்றுமில்லை. எந்த ஊரின் நேரத்தையும் முதலில் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து அடுத்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டு ஊர்களை நேரடியாகக் கூட்டிக் கழிக்கப் புகுந்தால்தான் கூட்டுவதா கழிப்பதா என்ற தடுமாற்றம் வரும். ஆக்லாந்தில் ஜனவரி மாதத்தில் திங்கட்கிழமை காலை 7 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதத்தில் அவ்வூர் பொது நேரத்துக்கு 13 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஏழிலிருந்து பதின்மூன்றைக் கழிக்க முடியாது என்பதால் ஒரு நாளைக் கடன் வாங்கி, 31 என்று வைத்துக் கழித்தால் ஞாயிறு 18 மணி வருகிறது; டொரொன்டோ அப்போது 5 மணி நேரம் பின்தங்கியிருப்பதால் உங்களுக்கு அது ஞாயிறு பிற்பகல் ஒரு மணி. கடன் வாங்கிய நாளைக் கிழமையிலும் கழிக்க வேண்டும் என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இருபத்து நான்கு மணி முறையில், கிழமையையும் சேர்த்தே எழுதிக்கொண்டு கணக்கிடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் நேர்வதில்லை.

இந்தக் கிழமைச் சிக்கல் மிகப் பழையது. மகெல்லனின் பயணத்தில் எஞ்சிய மாலுமிகள் உலகைச் சுற்றி 1522 ஜூலையில் கேப் வெர்டி தீவுகளை அடைந்தபோது, அவர்களுடைய நாட்குறிப்பு புதன்கிழமை என்றது. கரையில் இருந்தவர்களோ வியாழன் என்றார்கள். குறிப்பை எழுதிய பிகஃபெட்டா ஒரு நாளையும் விடாமல் எழுதியவர். மேற்கு நோக்கியே போய்க்கொண்டிருந்ததால் சூரியன் உதிப்பதை அவர்கள் கரையில் இருந்தவர்களைவிட ஒரு முறை குறைவாகப் பார்த்திருந்தார்கள், அவ்வளவுதான்.

பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது என்பதால், தீர்க்கரேகையைப் பதினைந்தால் வகுத்தால் ஒவ்வோர் ஊரின் நேரமும் கிடைத்துவிடும் என்று பள்ளியில் படித்தோம். 1884ஆம் ஆண்டு வாஷிங்டனில் 25 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, கிரீன்விச் வழியாகச் செல்லும் கோட்டைச் சுழிப்பாகைத் தீர்க்கரேகையாக ஏற்றபின் அந்தக் கணக்குக்கு ஒரு தொடக்கமும் அமைந்தது. ஆனால் கடிகாரத்தை நிர்ணயிப்பது சூரியன் அன்று, அரசு. நான் இருக்கும் சிங்கப்பூர் ஏறத்தாழ 104 பாகை கிழக்கில் இருக்கிறது; வகுத்துப் பார்த்தால் 7 மணி நேரம் வர வேண்டும், நாங்கள் வைத்திருப்பதோ 8. கிரீன்விச் கோடு ஸ்பெயின் நாட்டின் ஊடாகவே செல்கிறது, ஆனால் அந்நாடு ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது. சீனா முழுவதும் ஒரே நேரம். நேபாளம் ஐந்தே முக்கால் மணி நேரம் முன்னால் இருக்கிறது. நியூசிலாந்துக்கே உரிய சாத்தம் தீவுகள், கோடை நேரம் (கோடை மாதங்களுக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பது) இல்லாத மாதங்களில், பன்னிரண்டே முக்கால். பசிபிக் பெருங்கடலில் உள்ள கிரிபாட்டி நாட்டின் கிழக்குக் கோடித் தீவுகள், நாட்டின் மற்றப் பகுதியோடு ஒரே தேதியில் இருக்க வேண்டும் என்பதற்காக, 1995 முதல் பொது நேரத்துக்கு 14 மணி நேரம் முன்னால் இருக்கின்றன. இவற்றை எந்தச் சூத்திரத்தாலும் வருவிக்க முடியாது. ஊருக்கு ஊர் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதையும் மனப்பாடம் செய்துவிடலாம் என்று வையுங்கள். அப்போதும் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்காது என்பதுதான் நான் சொல்ல வந்தது. இரண்டு ஊர்களுக்கு இடையே இத்தனை மணி நேர வித்தியாசம் என்று ஓர் எண்ணைச் சொல்ல முடிவது, அந்த இரண்டு ஊர்களும் ஆண்டு முழுவதும் கடிகாரத்தைத் தொடாமல் இருந்தால் மட்டுமே. நம் நால்வரில் மூவர் தொடுகிறவர்கள், மூவரும் வெவ்வேறு நாட்களில். டொரொன்டோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு முள்ளை முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுக்கிறார்கள். லண்டனில் அது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். ஆக்லாந்து தெற்கே இருப்பதால் அங்கே எல்லாம் தலைகீழ்: செப்டம்பர் கடைசி ஞாயிறு முன்னே போய், ஏப்ரல் முதல் ஞாயிறு திரும்புகிறது. நீங்கள் முள்ளைப் பின்னே இழுக்கும் பருவத்தில் பாலு முன்னே தள்ளியிருப்பார் என்பதால், உங்கள் இருவருக்கும் இடையே ஜூலையில் 16 மணி நேரமாக இருக்கும் வித்தியாசம் ஜனவரியில் 18 ஆகிவிடுகிறது. நடுவில் சில வாரங்கள் 17. மூன்றும் சரியானவையே. எந்தத் தேதிக்கு என்று கேட்காமல் ஒன்றை மட்டும் சொன்னால் அது தவறாகிவிடுகிறது.

இனி உங்கள் திட்டத்தைப் பார்ப்போம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை உங்கள் காலை 6 மணி மீனாட்சிக்கு முற்பகல் 11, எனக்கு மாலை 6, பாலுவுக்கு இரவு 10. இதைவிட நல்ல பொழுது நால்வருக்கும் அமையாது என்றே நினைக்கிறேன். அக்டோபரில் பாலுவுக்கு மட்டும் இரவு 11 ஆகிறது. நவம்பர் வந்ததும் நீங்கள் முள்ளைப் பின்னே இழுத்துவிடுகிறீர்கள். உங்களுக்கு அதே 6, மீனாட்சிக்கும் அதே 11, எனக்கு 7. பாலுவுக்கோ சரியாக நள்ளிரவு 12. அது சனிக்கிழமை நள்ளிரவா, ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவா என்ற குழப்பம் வேறு. (ஏதேனும் நிகழ்ச்சிக்கு நேரம் குறிப்பவர்கள் நள்ளிரவு 12 என்று எழுதவே கூடாது, 11.55 என்றோ 12.05 என்றோ எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் கட்சி.) பிப்ரவரி வரை இப்படியே போகும். மார்ச் மாதத்து மூன்றாம் சனிக்கிழமையோ எப்போதும் நீங்கள் கோடை நேரத்துக்கு மாறிய பிறகும், லண்டன் மாறுவதற்கு முன்பும் விழுகிறது; அந்த ஒரு மாதம் மட்டும் மீனாட்சிக்கு 11 என்பது 10 ஆகும். ஆண்டு முழுவதும் பதினொன்றுக்கே பழகியவர், அன்று கூட்டம் பாதி முடிந்தபின் வந்து சேர்ந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

எனவே உங்களை நான் கேட்பது இதுதான்: நம் சந்திப்பு யாருடைய கடிகாரத்தில் நிலைத்து நிற்க வேண்டும்? ஏதேனும் ஒரு கடிகாரத்தில் அது அசையாமல் நின்றால் மற்றவற்றில் அசைந்தே தீரும். நால்வருக்கும் ஆண்டு முழுவதும் அசையாத நேரம் என்று ஒன்று இல்லை. உங்கள் கடிகாரத்தில் நிறுத்தினால், ஆண்டில் இரண்டு மணி நேர ஏற்ற இறக்கம் முழுவதும் பாலுவின் தலையில் விழுகிறது. பாலுவுடையதில் இரவு 10 என்று நிறுத்தினால் அது உங்கள் தலையில் விழும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நீங்கள் விடியற்காலை 4 மணிக்கு எழ வேண்டியிருக்கும். கோடை நேரமே இல்லாத ஓர் ஊரின் கடிகாரத்தில் நிறுத்தினால் மட்டுமே இந்த அசைவு பங்கிடப்படுகிறது. சிங்கப்பூர் மாலை 6 மணி என்று வைத்துக்கொண்டால், அது ஆண்டு முழுவதும் பொது நேரம் முற்பகல் 10. உங்களுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை காலை 5, மற்ற மாதங்களில் 6. மீனாட்சிக்கு நவம்பர் முதல் மார்ச் வரை 10, மற்ற மாதங்களில் 11. பாலுவுக்கு அக்டோபர் முதல் மார்ச் வரை இரவு 11, மற்ற மாதங்களில் 10. யாருக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நகர்வதில்லை, நள்ளிரவும் வருவதில்லை. எனக்கு மட்டும் எதுவுமே மாறுவதில்லை என்பதால், வசதியைத் தேடி நான் இப்படிச் சொல்வதாக நீங்கள் சிரிக்கக்கூடும். குளிர்காலத்தில் உங்களை ஐந்து மணிக்கு எழுப்புகிறோமே என்ற கூச்சம் எனக்கும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மற்ற வழிகளைப் போட்டுப் பார்த்தபின் இதையே நியாயமாகக் கருதுகிறேன்.

இவ்வளவையும் கைபேசியே பார்த்துக்கொள்ளாதா என்று மீனாட்சி கேட்பார். பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். உலகின் ஒவ்வொரு பகுதியிலும் கடிகாரம் எந்த நாளில் எவ்வளவு மாற்றப்பட்டது என்பதைத் தொகுத்த ஒரு தரவுத்தளம் இருக்கிறது. ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் தொடங்கி, தன்னார்வலர்கள் பேணிவரும் அந்தத் தொகுப்பையே உலகின் பெரும்பாலான கணினிகளும் கைபேசிகளும் நம்பியிருக்கின்றன. அதில் ஒவ்வொரு பகுதியும் எண்ணால் அன்றி, ஆசியா சிங்கப்பூர், ஐரோப்பா லண்டன் என்று கண்டத்தின் பெயராலும் ஊரின் பெயராலும் குறிக்கப்படுவதைக் கவனியுங்கள். ஊரின் பெயரைச் சொன்னால் அந்த ஊரின் விதிகள் அனைத்தும் உடன் வரும். பொது நேரத்துக்கு ஒரு மணி முன்னால் என்று மட்டும் சொன்னால் விதி எதுவும் வருவதில்லை. மூன்றெழுத்துச் சுருக்கங்கள் இதைவிட மோசம். ஐஎஸ்டி என்பதை இந்தியர் ஒரு விதமாகவும், அயர்லாந்துக்காரர் இன்னொரு விதமாகவும், இஸ்ரேலியர் மூன்றாவது விதமாகவும் படிப்பார்கள்.

நடந்து முடிந்த ஒன்றைப் பதிவு செய்யப் பொது நேரம் போதும், அது இனி மாறப்போவதில்லை. வரப்போகும் சந்திப்பை மட்டும் ஊரையும் அவ்வூர் நேரத்தையும் சேர்த்துக் குறித்து வைப்பதே பாதுகாப்பு. ஏனெனில் இடையில் அரசுகள் மனம் மாறக்கூடும். பிரேசில் 2019ஆம் ஆண்டு கோடை நேரத்தைக் கைவிட்டது. எகிப்து கைவிட்டிருந்ததை 2023இல் மீண்டும் கொண்டுவந்தது. அதே 2023 மார்ச்சில் லெபனான் அரசு, கோடை நேரத்தைத் தள்ளிவைப்பதாகக் கடைசி நாட்களில் அறிவிக்க, ஒரு சாரார் அதை ஏற்க மறுத்ததால் அந்தச் சிறிய நாட்டில் சில நாட்கள் இரண்டு நேரங்கள் நிலவின. சமோவா இன்னும் ஒரு படி மேலே போயிற்று: தேதிக் கோட்டின் மறுபக்கத்துக்கு மாறுவதற்காக 2011 டிசம்பர் 30ஆம் தேதியையே தன் நாட்காட்டியிலிருந்து நீக்கிவிட்டது. அந்த வெள்ளிக்கிழமைக்கு அங்கே யாரேனும் சந்திப்பு குறித்து வைத்திருந்தால், அதை எந்தக் கைபேசியாலும் காப்பாற்றியிருக்க முடியாது.

ஆகையால் அழைப்பிதழில் "மூன்றாம் சனிக்கிழமை, சிங்கப்பூர் நேரம் மாலை 6 மணி" என்று மட்டும் எழுதி, நாட்காட்டிச் செயலியில் நேர மண்டலமாகச் சிங்கப்பூரையே தேர்ந்தெடுத்து, மாதந்தோறும் திரும்ப வருமாறு அமைத்துவிடுங்கள். மற்ற மூவருக்கும் அவரவர் நேரத்தில் அது தானே தெரியும். மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பர் ஆகிய மாதங்களில் மட்டும், சந்திப்புக்கு இரண்டு நாள் முன்னதாக நால்வரின் உள்ளூர் நேரத்தையும் எழுதி நானே ஒரு நினைவூட்டல் அனுப்பிவிடுகிறேன். ஐந்து மணி உங்களுக்கு ஒத்துவராது என்றால் தயங்காமல் எழுதுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான நான்கு மாதங்களுக்கு மட்டும் சிங்கப்பூர் நேரம் மாலை 7 மணிக்குத் தள்ளிப்போட எனக்குத் தடையில்லை. அப்போது பாலுவின் நள்ளிரவு திரும்பி வந்துவிடும் என்பதால், அவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் மாதத்துக்கு எந்தப் புத்தகம் என்பதையும் நீங்களே முடிவு செய்து எழுதுங்கள்.

அன்புடன்,
இளங்கோ