பேக்-12 சிதறியதற்கு ஆணையர்கள் மட்டுமா பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க மேற்குக் கரையின் பேக்-12 கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பு சிதறிப்போனதைப் பற்றிப் பேசுகிறவர்கள், லாரி ஸ்காட், ஜார்ஜ் கிளியாவ்காஃப் ஆகிய இரு ஆணையர்களின் தலையில் பழியைப் போட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்களை நியமித்து, சம்பளம் நிர்ணயித்து, அவர்கள் கொண்டுவந்த திட்டங்களுக்கு ஒப்புதல் தந்த பல்கலைக்கழகத் தலைவர்களை யாரும் கேள்வி கேட்பதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

2009-இல் பொறுப்பேற்ற ஸ்காட், 2011-இல் ஈஎஸ்பிஎன், ஃபாக்ஸ் தொலைக்காட்சி நிறுவனங்களுடன் 12 ஆண்டுகளுக்குச் சுமார் 300 கோடி டாலர் ஒளிபரப்பு ஒப்பந்தம் செய்தபோது எல்லோரும் அவரைக் கொண்டாடினார்கள். அடுத்த ஆண்டு கூட்டமைப்பு தொடங்கிய சொந்தத் தொலைக்காட்சிக்கு, செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சேவையான டைரக்டிவியுடன் கடைசிவரை உடன்பாடு ஏற்படவில்லை. அந்த இணைப்பை வைத்திருந்த வீடுகளில் சொந்தக் கல்லூரியின் ஆட்டத்தைக்கூடப் பார்க்க வழியில்லாமல் போயிற்று. வருமானம் எதிர்பார்த்த அளவுக்கு வராத அந்த ஆண்டுகளிலும் சான் பிரான்சிஸ்கோவின் நடுவில் பெரும் வாடகைக்கு அலுவலகம் நீடித்தது. ஆணையரின் ஆண்டு ஊதியம் 50 லட்சம் டாலரைத் தொட்டது. தலைவர்களுக்குத் தெரியாமல் இவற்றில் எதுவும் நடந்திருக்க முடியாது.

2021-இல் எம்ஜிஎம் ரிசார்ட்ஸ் என்ற கேளிக்கை விடுதி நிறுவனத்திலிருந்து கிளியாவ்காஃப் வந்தார். கல்லூரி விளையாட்டு அறியாத வெளியாளைக் கொண்டுவந்ததுதான் தவறு என்கிறார்கள். அப்படியானால் இன்னொரு கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பான பிக் 12-ஐ எப்படி விளக்குவது? டெக்சாஸ், ஓக்லஹோமா பல்கலைக்கழகங்கள் அதிலிருந்து விலகுவதாக 2021-இலேயே அறிவித்துவிட்ட நிலையில், 2022-இல் அங்கு ஆணையராக வந்த பிரெட் யார்மார்க்கும் வெளியாள்தான். சில மாதங்களிலேயே, அந்த அக்டோபரில், அவர் ஒளிபரப்பு ஒப்பந்தத்தை முடித்துவிட்டார். பேக்-12 தலைவர்களோ, தங்கள் கூட்டமைப்பின் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகங்களான யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் 2022 ஜூன் 30-இல் விலகலை அறிவித்த பிறகும், வந்த தொகை போதாதென்று பேரத்தை நீட்டியதாகச் செய்திகள் வெளியாயின. முடிவில் கைக்கு எட்டியது ஆப்பிள் நிறுவனத்தின் இணைய ஒளிபரப்புத் திட்டம் மட்டுமே. 2023 ஆகஸ்ட் 4 அன்று, ஒரே நாளில், ஓரிகன், வாஷிங்டன், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா ஆகிய 5 பல்கலைக்கழகங்கள் வெளியேறின. 1915-இல் வேர்விட்ட மரபு குலைந்தது.

இதன் விலையைக் கொடுப்பவர்கள் மாணவர்கள். கடலோரக் கலிபோர்னியாவில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் இன்று அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில், ஒளிபரப்புப் பங்கில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்து ஆடுகின்றன. பணம் ஈட்டித் தருவது அமெரிக்கக் கால்பந்து; ஆனால் பாஸ்டன் வரை 4,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்துபோய், மூன்று மணி நேர வித்தியாசத்தில் விளையாடிவிட்டு, திரும்பி வந்ததும் வகுப்பில் உட்கார வேண்டியவர்களில் கைப்பந்து வீராங்கனைகளும் இருக்கிறார்கள். ஒப்பந்த மேசையில் அவர்களுக்காகப் பேசியவர் யார்?

கைவிடப்பட்ட ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் நீதிமன்றம் சென்று கூட்டமைப்பின் கட்டுப்பாட்டைப் பெற்றன. 2024 மார்ச் முதல் ஆணையராக உள்ள டெரீசா கூல்ட், புதிய உறுப்பினர்களைச் சேர்த்து அதை மீண்டும் எழுப்ப முனைந்திருக்கிறார். இம்முறையாவது, ஒளிபரப்பு ஒப்பந்தத்தில் எந்தத் தலைவர் எப்படி வாக்களித்தார் என்பதையும் மாணவர்களின் பயணச் சுமை எவ்வளவு என்பதையும் உறுப்புப் பல்கலைக்கழகங்கள் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். பிள்ளைகளை இந்தப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பும் தமிழ்க் குடும்பங்கள் இங்கு நிறைய உண்டு. எனவே தங்கள் நாளிதழ் இது குறித்து விரிவாக எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பிரீமாண்ட், கலிபோர்னியா