தஞ்சைக் கலைக்கூடம் செல்கிறோம் – புதன்கிழமைக்குள் பதில் தேவை

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சோழர் பாடத்தை முடித்துவிட்டார்கள். அந்தக் காலத்துச் சிற்பங்களை நேரில் காண, வரும் சனிக்கிழமை தஞ்சாவூர் அரண்மனையில் உள்ள கலைக்கூடத்துக்கு அழைத்துச் செல்கிறோம். 1951-இல் தொடங்கப்பட்ட இடம் இது.

அங்கே எதைப் பார்க்காவிட்டாலும் திருவெண்காட்டு இடபவாகனரை, அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன் சிலையை, பார்த்தே ஆக வேண்டும். முதலாம் இராசராசன் காலத்து வெண்கலம், ஆண்டு 1011. சிவன் கை ஊன்றிச் சாய்ந்திருந்த காளை இன்று இல்லை. ஆனாலும் அந்தக் கையின் வளைவே காளையைக் காட்டிவிடுகிறது! பிள்ளைகள் அதன் முன் அவசரமின்றி நிற்கட்டும்.

1. பஸ் காலை 7.30-க்குப் பள்ளி வாசலிலிருந்து புறப்படும். தாமதமானால் காத்திருக்க இயலாது.
2. மதிய உணவு, தண்ணீர், நோட்டு, பென்சில் கொடுத்தனுப்புங்கள். செல்போன் வேண்டாம்.
3. சிலைகளைத் தொடக்கூடாது என்று வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள். விரல் ஈரம் வெண்கலத்துக்குக் கேடு.
4. உடன் வர நான்கு பெற்றோர் தேவை.
5. மாலை 5 மணிக்குத் திரும்புவோம்.

பிள்ளையின் பெயருடன் ‘வருகிறார்’ அல்லது ‘இல்லை’ என்று புதன் இரவுக்குள் இங்கேயே பதிவிடுங்கள். பஸ்ஸை வியாழன் காலையில் உறுதிசெய்ய வேண்டும்.