மூடி போடுமுன் குழிக்குள் பாருங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

“எங்கட குழி இருபது வருசமா நிரம்பினதே இல்லை” என்று பெருமையாகச் சொல்லும் வீடுகள் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் பல. அடியில் கொங்கிறீட் போடாத மலக்குழி எப்படி நிரம்பும்? உள்ளே விழுவதெல்லாம் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளால் இறங்கிப் பக்கத்து வளவுக் கிணற்றுக்குப் போய்ச் சேருகிறது. வருடம் முழுக்க ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை. மாரி மழை கல்லுக்குள் இறங்கி உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீரை நம்பித்தான் இருக்கிறோம்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் கழிவிலிருந்து நீரில் கரையும் நைத்திரேற்று என்ற உப்பு போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டிய நீரில் பால்மா கரைத்துக் கொடுப்பது கைக்குழந்தைக்கு ஆபத்து. வெங்காயத் தோட்டத்து உரத்துக்கும் இதில் பங்குண்டு. ஆனால் மலக்குழியைத் திருத்தும் அதிகாரம் பிரதேச சபையின் கையிலேயே இருக்கிறது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரத்தைச் சபையிடம்தான் ஒப்படைத்துள்ளது.

வீடு கட்டும் அனுமதிக்குச் சபையில் கொடுக்கும் வரைபடத்தில் இரண்டு அறை மலத்தொட்டி ஒழுங்காகத்தான் இருக்கும். மூடி போட்ட பிறகு அடியில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. ஆகவே சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் மூடி போடுமுன் வரவேண்டும். அடியில் 4 அங்குலக் கொங்கிறீட், உட்சுவரில் சீமெந்துப் பூச்சு இரண்டையும் பார்த்து, தொட்டியை நீரால் நிரப்பச் சொல்லட்டும். முதல் நாள் சுவர் நீரை உறிஞ்சுவதால் மட்டம் இறங்கும், அது கசிவல்ல. மறுநாள் திரும்ப நிரப்பிச் சுவரில் கோடு போட்டு, 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் உண்மை தெரியும்.

தொட்டியின் வெளிக்குழாயில் ‘ரீ’ (T) வடிவ வளைவு இல்லாவிட்டால் மேலே மிதக்கும் கழிவுப் படலம் அப்படியே, தொட்டி நீரை மண்ணுக்குள் இறக்கும் ஊறுகுழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைக்கும். அடைபட்டதும் குழியை இன்னும் ஆழமாக வெட்டுவார்கள், கல் தட்டுப்படும், கழிவு நேரே நிலத்தடி நீரில் கலக்கும். மார்கழியில் கிணற்று நீர் ஏறும் மட்டத்துக்கு 4 அடியாவது மேலே ஊறுகுழியின் அடி நிற்கவேண்டும். செம்மண் மெல்லியதாக உள்ள இடத்தில் குழியே வேண்டாம். மணலும் சல்லியும் பரப்பிய ஆழமில்லாத அகன்ற பாத்தி போதும், ஓரத்தில் வாழை வைக்கலாம்.

கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி என்பது வழமையான கணக்கு. வெடிப்புள்ள கல்லில் அதுவும் காணாது. இரண்டு பரப்பு அளவேயுள்ள சிறு காணியில் சொந்தக் கிணற்றை மட்டும் அளந்து பயனில்லை; அயல் வளவுக் கிணறுகளையும் குறிக்காத வரைபடத்தைச் சபை திருப்பி அனுப்பவேண்டும்.

குழி இறைக்கும் பவுசர் எந்த வளவில் ஏற்றியது, எங்கே கொட்டியது என்ற பதிவேட்டையும் சபை அலுவலகத்தில் மக்கள் பார்க்கும்படி வைக்கக் கோருகிறேன்.

வாசகர் ஒருவர்,
வலிகாமம்.