காட்டுத்தீயும் கட்டிக்கிடக்கும் மாடுகளும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தை கடைசியில் தொடங்கி கோடை மழை இறங்கும் வரை எங்கள் மலையில் எங்காவது ஓரிடத்தில் தீ எரிந்துகொண்டுதான் இருக்கும். எத்தனை ஏக்கர் எரிந்தது, வனத்துறையினர் எத்தனை பேர் போராடினார்கள் என்று உங்கள் நாளிதழில் செய்தி வருகிறது. அது வேண்டியதுதான். ஆனால் அடிவாரத்து வீடுகளில் கட்டிக்கிடக்கும் ஆடுமாடுகளைப் பற்றி ஒரு வரிகூட நான் படித்ததில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் போடி பக்கம் ஒரு மலையடிவார ஊரில், பால் சொசைட்டியில் பால் அளந்து எழுதுகிறவள். எங்கள் ஊரில் பாதிப் பேருக்குக் கேரளாவில்தான் வேலை. விடியுமுன் ஜீப் ஏறி போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போவார்கள், திரும்ப இருட்டிவிடும். பகலில் ஊரில் இருப்பது வயசாளிகளும் பிள்ளைகளும் தொழுவத்து மாடுகளும்தான். தீயோ பெரும்பாலும் பகலில்தான் பிடிக்கிறது. பகல் காற்று மலையேறும், தீயும் அதோடு மேலே போகும். நமக்கென்ன என்று இருந்துவிடுவோம். பொழுது சாயும்போது காற்று கீழ்நோக்கித் திரும்பும். அப்போதுதான் தீ, போதைப்புல் என்கிற காய்ந்த மலைப்புல் வழியாகச் சரிவில் இறங்குகிறது. ஜீப்புகள் இன்னும் ஊருக்கு வந்து சேராத நேரம் அது.

போன மாசியில் அப்படித்தான் இறங்கியது. கடைசித் தெருவில் ஒரு அத்தை, காது சரியாகக் கேட்காது. மகனும் மருமகளும் ஏலக்காட்டில். "வாங்கத்தை, போயிரலாம்" என்று கையைப் பிடித்தால், "சினை மாட்ட விட்டுட்டு எங்க தாயி வரச் சொல்ற?" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மாடு சங்கிலியில் கிடந்தது. கொக்கி துருப்பிடித்து இறுகியிருந்தது, பக்கத்து வீட்டுத் தம்பி கல்லால் அடித்துத்தான் எடுத்தான். மாடு வெளியே வந்த பிறகே அத்தை எழுந்தார். மனுஷரைக் காப்பாற்றுவது முதலா, மாட்டைக் காப்பாற்றுவது முதலா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் அது ஒரே வேலை. மாட்டை அவிழ்க்காமல் அதன் சொந்தக்காரரை வெளியே கொண்டுவர முடியாது.

வெள்ளாடுகள் இன்னும் சிரமம். பட்டியைத் திறந்து விரட்டினோம், புகையைக் கண்டு மிரண்டு பழகின பட்டிக்கே திரும்ப ஓடின. அவிழ்த்துவிட்டால் போதாது, வெளியேற்றின கையோடு படலைச் சாத்திக் கட்ட வேண்டும். எல்லாவற்றையும் வறண்டு கிடந்த கண்மாய்க்குள் ஓட்டிச் சேர்த்தோம். எரிய ஒன்றுமில்லாத வெறுந்தரைதான் இந்த மாதிரி நேரத்தில் பத்திரமான இடம். உழுதுபோட்ட புஞ்சையும் சரிதான். மாந்தோப்புக்கு மருந்தடிக்கிற டிராக்டரில் தண்ணீர் நிரப்பி வந்து வைக்கோல் படப்புகளையும் கூரைகளையும் நனைத்தார்கள் சிலர். வனத்துறை வாட்சர்களோடு சேர்ந்து பச்சைத்தழையால் தீயை அடித்தார்கள் மற்றவர்கள்.

தீ அணைந்த பிறகு நான் அறிந்துகொண்டவற்றையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். நைலான் கயிறு சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்கிறது. தீக்காலம் முடியும் வரையாவது மூக்கணாங்கயிறும் தலைக்கயிறும் நூலிலோ தும்பிலோ இருக்கட்டும். சுட்ட இடத்தில் மஞ்சளும் எண்ணெயும் அப்பக்கூடாது. குளிர்ந்த தண்ணீரை நெடுநேரம் ஊற்றிவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். நன்றாக நடக்கிற மாட்டுக்கும் குளம்பின் மேல் விளிம்பையும் மடிக்காம்பையும் தினமும் பார்க்க வேண்டும், குளம்பில் பட்ட சூடு சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். புகை குடித்த மாடு அன்றைக்குச் சும்மா இருந்து மறுநாள் மூச்சு வாங்கலாம். அதை வேலைக்கு ஓட்டாமல் சில வாரம் விட்டுவிட வேண்டும். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962. தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் இதே எண்தான். இது எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

செத்துப்போனால்? பேரிடர் நிவாரண நிதியின் 2022-26 விதிமுறையில் தீயும் ஒரு பேரிடர்தான். கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய், கோழிக்கு 100 ரூபாய் என்று அதில் இருந்தது. ஆனால் மனம் தாங்காமல் அன்றைக்கே குழிதோண்டிப் புதைத்துவிடுகிறார்கள். அப்புறம் கால்நடை மருத்துவர் எதைப் பார்த்துச் சான்று கொடுப்பார்? ஒரு ஃபோட்டோவாவது எடுத்துவைத்துவிட்டு, விஏஓவுக்கும் மருத்துவருக்கும் சொல்லிவிட்டுப் புதையுங்கள்.

2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணித் தீயை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மலையேற வந்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஹெலிகாப்டர்களும் கமாண்டோக்களும் வருமுன் இருட்டில் சரிவேறி, காயம்பட்டவர்களைப் போர்வையில் கட்டித் தூக்கிவந்தது உள்ளூர்க்காரர்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன, நல்லது. அடிவாரத்து ஊர்களுக்கு என்ன ஏற்பாடு வந்தது?

பெரிய செலவு ஒன்றும் நான் கேட்கவில்லை. எந்த வீட்டில் எத்தனை கறவை, எது சினை, யார் பகலில் ஊரில் இருக்கமாட்டார்கள் என்பது ஒவ்வொரு பால் சொசைட்டிக்கும் தெரியும். மார்கழியிலேயே உட்கார்ந்து, யார் வீட்டு மாட்டை யார் அவிழ்ப்பது என்று எழுதி ஒட்டிவிடலாம். எங்கள் ஊரில் இந்த வருஷம் எழுதிவிட்டோம். ஆடு மட்டும் வைத்திருப்பவர்கள் எங்கள் நோட்டில் வரமாட்டார்கள், அவர்களை வீடு வீடாகப் போய்த்தான் சேர்த்தோம்.

இன்னொன்று, இரண்டு மாநிலமும் சேர்ந்து செய்ய வேண்டியது. கொழுக்குமலை தேனி மாவட்டம்தான், ஆனால் ஜீப் போகிற பாதை சூரியநெல்லி வழியாகக் கேரளாவிலிருந்து. மேல்சரிவில் புகை கிளம்பினால் முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்தில் வேலை செய்கிற நம் ஆட்கள்தான். அவர்கள் யாருக்குச் சொல்வது? கீழே வீட்டில் போன் எடுக்க ஆளில்லை, அங்கே பல இடங்களில் சிக்னலும் இல்லை. இடுக்கி, தேனி வனத்துறையினர் சேர்ந்து எல்லைத் தோட்டங்களில் ஒரே தொடர்பு எண்ணை எழுதிவைத்தால், மேலே பார்த்த புகை கீழே சேர நேரமாகாது.

புல் தளிர்க்கட்டும் என்று தீ வைக்கிறவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள், மறைக்க விரும்பவில்லை. தன் ஆட்டுக்குப் புல் வேண்டி அடுத்தவர் தொழுவத்தை எரிப்பதை ஊர்க்கூட்டம்தான் தட்டிக்கேட்க வேண்டும்.

தைக்கு முன்பாக ஒரு நாள், 1962 என்ற எண்ணையும் தீக்காலத்தில் ஆடுமாடு காக்கும் முறைகளையும் உங்கள் தேனிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். மூணாறு, பீர்மேடு பக்கம் தமிழ் படிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அங்கே போகிற பதிப்பிலும் போடுங்கள். நான் அதை வெட்டி சொசைட்டிச் சுவரில் ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
போடிநாயக்கனூர் வட்டம், தேனி மாவட்டம்.