ஒரே வயிறு, இரண்டு ஃபைல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கருப்பைப் புற்றுநோய் பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். தலைப்பு கருப்பை என்று இருந்தாலும் பாதிக் கட்டுரை கருப்பைவாயைப் பற்றித்தான் பேசியது. ஊரில் நாங்கள் இரண்டையும் சேர்த்து "கர்ப்பப்பை கேன்சர்" என்றுதான் சொல்கிறோம், சரி, பத்திரிகையாவது பிரித்து எழுத வேண்டாமா? தடுப்பூசி இருப்பது கருப்பைவாய்க்கு. நான் எழுத வந்தது கருப்பையின் உள்சவ்வில் வரும் புற்றுநோயைப் பற்றி, அதுவும் வயிற்றுக் காசநோயோடு சேர்ந்து வந்தால் என்ன பாடு என்பதைப் பற்றி. எங்கள் வீட்டில் நடந்தது.

அத்தைக்கு 58 வயது. காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறார். மாதவிலக்கு நின்று எட்டு வருஷம் கழித்து மறுபடி உதிரம் பட்டிருக்கிறது, நாலு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. "இந்த வயசுல இதைப் போய் யாருகிட்டச் சொல்றதுங்க" என்று பின்னால் டாக்டரிடமே கேட்டார். அப்புறம் வயிறு உப்பியது, சாயங்காலமானால் காய்ச்சல், ஆள் பாதியாக இளைத்துப்போனார். ஸ்கேனில் கருப்பை உள்சவ்வு தடித்திருந்தது, வயிற்றில் நீர், குடலுக்கு மேலே இருக்கும் கொழுப்புச் சவ்வெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்தது. ரத்தத்தில் சிஏ 125 (புற்றுநோய்ச் சந்தேகத்தில் பார்க்கும் ஒரு புரதம்) எகிறியிருந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் ரிப்போர்ட்டைப் பார்த்த கையோடு, வயிறு பூராவும் பரவிவிட்டது, நாலாவது ஸ்டேஜ், வீட்டுக்குக் கூட்டிப்போய் கேட்டதைச் செய்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சதை எடுத்துப் பார்க்காமலே.

மாமாவும் சம்மதித்துவிட்டார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை, கோயம்புத்தூரில் இன்னொரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் கருப்பை உள்சவ்விலிருந்து பயாப்சி எடுத்தார். புற்றுநோய் இருந்தது, ஆனால் மெதுவாக வளரும் முதல் கிரேடு. அவருக்கு அங்கேதான் சந்தேகம் தட்டியது: இந்த வகை இப்படி வயிறு முழுக்கப் பரவுவது வழக்கமில்லையே, தினமும் காய்ச்சல் வேறு. லேப்ராஸ்கோபியில் (சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுப் பார்ப்பது) வயிற்றுச் சவ்விலிருந்தும் சதை எடுத்து அனுப்பினார். அதில் புற்றுநோய் அணு ஒன்றுகூட இல்லை, காசநோய்க் கட்டிகள். டீபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனையும் டீபிதான் என்று உறுதி செய்தது. சிஏ 125 வயிற்று டீபியிலும் ஏறும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். இதற்கு முன்னாலேயே சளிப் பரிசோதனை செய்து "டீபி இல்லை" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வயிற்றில் இருக்கும் கிருமியைச் சளியில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

டீபி என்றதும் சொந்தபந்தம் தனி டம்ளர் வைத்தது. எங்கள் பக்கம் பழைய ஆட்களுக்குப் பெருந்துறை சானடோரியம் (டீபி ஆஸ்பத்திரி) இன்னும் நினைவில் இருக்கிறது, அங்கே போனவர் திரும்பமாட்டார் என்ற பேச்சும்தான். வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் குணமாகும், கூட இருப்பவர்களுக்கு அதனால் கூடுதலாகத் தொற்றாது என்று 1950களின் கடைசியிலேயே சென்னையில் ஆராய்ந்து உலகத்துக்குச் சொன்னார்கள். அது நுரையீரல் டீபிக்கே. அத்தைக்கு நுரையீரலில் ஒன்றுமில்லை, இருமினால் யாருக்கும் ஒட்டாது. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

டாக்டர்கள் போட்ட கணக்கு இது: புற்றுநோய் மெதுவாகப் போகிற வகை, உதிரப்போக்கும் அதிகமில்லை, அதனால் முதலில் இரண்டு மாதம் டீபி மருந்து கொடுத்து வயிறு கொஞ்சம் தெளிந்ததும் கருப்பை, சினைக்குழாய், சினைப்பை எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். டீபியில் குடல் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும்போது கத்தி வைத்தால் குடலில் ஓட்டை விழலாம். எல்லோருக்கும் இதே வரிசை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், உதிரம் கொட்டுகிறவருக்கும் வேகமாக வளரும் வகைக்கும் கணக்கு வேறு.

இங்கேதான் எங்களுக்கு அடி விழுந்தது. டீபி மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில், அதற்கு ஒரு ஃபைல். கேன்சர் ஃபைல் கோயம்புத்தூரில். இவர்கள் எழுதுவதை அவர்கள் பார்ப்பதில்லை, அவர்கள் எழுதுவது இவர்களுக்கு வருவதில்லை. அத்தைக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை, கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர். டீபிக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் (சிறுநீரைச் செம்மஞ்சளாக்குமே, அதே மாத்திரைதான்) கல்லீரலை முடுக்கிவிட்டு மற்ற பல மருந்துகளை வேகமாகக் கழித்துவிடும், சர்க்கரை மாத்திரையும் அதில் அடக்கம். யாரும் சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு அட்மிட் ஆன அன்று சர்க்கரை 340. திருப்பி அனுப்பிவிட்டார்கள், இன்சுலினுக்கு மாற்றி, மூன்று வாரம் கழித்துத்தான் ஆபரேஷன் நடந்தது. ஒரு வரி எழுதியிருந்தால் அந்த மூன்று வாரமும் பயந்து கிடந்திருக்க வேண்டாம். நீரிழிவு இருந்தால் டீபி வருவதும் அதிகம், கருப்பைப் புற்றுநோய் வருவதும் அதிகம், அப்படியிருக்க இது எங்கோ ஒருவருக்கு வரும் சிக்கல் என்று எப்படித் தள்ளிவிட முடியும்?

அத்தைக்கு நல்ல நேரம், புற்றுநோய் கருப்பைக்கு உள்ளேயே நின்றிருந்தது, கீமோ தேவைப்படவில்லை. கீமோ தேவைப்பட்டிருந்தால் பாடு இன்னும் அதிகம். டீபி மாத்திரைகளில் மூன்று கல்லீரலைப் பதம் பார்க்கக்கூடியவை, கருப்பைப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் பாக்லிடாக்சல் கழிவதும் அதே கல்லீரல் வழியாகத்தான். டீபி மாத்திரைகளில் ஒன்றான ஐசோநயசிடும் கை கால் நரம்பை மரத்துப்போகச் செய்யும், பாக்லிடாக்சலும் செய்யும், அதனால் பி6 மாத்திரையை விடக்கூடாது. கீமோவில் எதிர்ப்புச் சக்தி இறங்கினால் அடங்கிய டீபி மறுபடி தலைதூக்கலாம். இத்தனையையும் பார்த்துக்கொள்ள இரண்டு பக்க டாக்டர்களும் பேசிக்கொள்ள வேண்டும். ஆனால் நடந்தது என்னவென்றால் பத்தாவது படித்த மாமா மஞ்சப்பையில் இரண்டு ஃபைலையும் வைத்துக்கொண்டு, இங்கே சொன்னதை அங்கே போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.

புதுக் கட்டடம் எதையும் நான் கேட்கவில்லை. கோவை, பெருந்துறை, திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரிகளில் டீபி பிரிவும் இருக்கிறது, கேன்சர் பார்க்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள். இரண்டு நோயும் உள்ளவர்களுக்கு ஒரே ஒரு மருந்துத் தாள், எந்த மாத்திரை, யார் எழுதியது, எது எதோடு சேராது, கல்லீரல் டெஸ்ட் எப்போது என்று, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். டீபி நோயாளியைப் பதிவு செய்வது 2012 முதல் தனியாருக்கும் கட்டாயம், எனவே அந்தத் தாளில் தனியார் மருத்துவமனைகளும் எழுதட்டும். பதிவு செய்தால் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும், அத்தைக்குப் பதிவு தாமதமானதால் அதையும் அலைந்துதான் வாங்கினோம்.

அத்தை ஆறு மாத டீபி மருந்தை முடித்துவிட்டார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப். அந்த மருந்துத் தாளை நானே ஒரு நோட்டுப் பேப்பரில் கோடு போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். போன தடவை அதைப் பார்த்த நர்ஸ் அம்மா, "இது எந்த ஆஸ்பத்திரி ஃபாரம்ங்க?" என்று கேட்டாராம்.

இப்படிக்கு,
காங்கேயம் பக்கத்து வாசகர் ஒருவர்