சிவகாமி மகனும் நான்காவது வரியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் 'அந்த சிவகாமி மகனிடம் சேதி சொல்லடி' பாடலைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 1967-இல் வெளிவந்த 'பட்டணத்தில் பூதம்' படப் பாட்டு. காமராஜரோடு மனத்தாங்கலில் இருந்த கண்ணதாசன், காமராஜரின் தாயார் சிவகாமி அம்மாளின் பெயரை வைத்துப் பாட்டிலேயே தூது விட்டார் என்ற கதையைத்தான் கட்டுரை முழுக்கச் சொல்லியிருந்தது. பாட்டைத் தேடினால் முதல் வரியைத் தாண்டி ஒன்றுமே இல்லை.

நான் மெல்லிசை மேடைகளில் பாடுகிறவள். சுசீலா அம்மா பாடிய பாட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. இதைக் கேட்டுத் துண்டுச் சீட்டு வராத கச்சேரி அபூர்வம். நான் வாயைத் திறப்பதற்குள் தொகுப்பாளர் காமராஜர் கதையைச் சொல்லிவிடுவார். கைதட்டல் அள்ளும். அப்புறம் நான் பாடுவதை, விடை தெரிந்துவிட்ட விடுகதையைப் போலத்தான் கேட்கிறார்கள்.

அந்தக் கதை பொய் என்று சொல்ல வரவில்லை. அதைப் பாட்டின் மேல் வரி வரியாக வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். முதல் வரியில் கச்சிதமாகப் பொருந்துகிறது. 'என்னைச் சேரும் நாள் பார்க்கச் சொல்லடி' என்பதிலும் பொருந்துகிறது. பெண் கல்யாணத்துக்கு நாள் பார்க்கச் சொல்கிறாள். கவிஞர் தலைவரோடு சேர நாள் கேட்கிறார். மூன்றாவது வரி, வேறு எவரோடும் பேச வார்த்தை இல்லை என்பது. சரி, அதையும் ஒரு தொண்டனின் பேச்சாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நான்காவது வரி 'வேலன் இல்லாமல் தோகை ஏதடி'. தோகை என்றால் மயில், பெண்ணும்தான். அங்கே வந்ததும் அரசியல் கழன்று விழுந்துவிடுகிறது. முருகனும், அவனை நினைத்து ஏங்கும் ஒருத்தியும் மட்டும் மிஞ்சுகிறார்கள். பல்லவி முழுக்க மறைபொருளைச் சுமந்து வந்தவர், கடைசி அடியில் பாட்டைத் திரும்பவும் அவள் கையிலேயே கொடுத்துவிடுகிறார். மேடையில் அந்த இடம் வரும்போதெல்லாம் என் குரல் தானாகவே இறங்கும்.

இது நம் இலக்கியத்துக்குப் புதிதல்ல. காதலைப் பாடும் அகப்பாட்டில் தலைவன், தலைவி பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடையைப் பாருங்கள். பிரிந்துபோன கணவனை நினைத்துத் தூங்காமல் கிடக்கும் அரசி, பாசறையில் தூங்காத அரசன். யார் பெயரும் இல்லை. ஆனால் அரசனோடு செல்கிறவனின் வேலில் வேப்பந்தார் கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. அந்த ஒரு குறிப்பால் இது அரசரையும் போரையும் பாடும் புறப்பாட்டு ஆகிவிட்டது என்றார் பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர். அதற்காக யாரும் அரசியின் கண்ணீரை விட்டுவிட்டு வேப்பம்பூவை மட்டும் படிப்பதில்லையே! சிவகாமி என்ற பெயரும் ஒரு வேப்பந்தார்தான். அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் தலைவியை மறந்துவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

வாட்ஸ்அப்பில் இப்போது எந்தப் பழைய பாட்டுக்கும் ஒரு பின்னணிக் கதை வந்துவிடுகிறது. பத்திரிகையாவது பாட்டைப் படித்துக் காட்ட வேண்டும். ஒரு பாட்டில் மறைபொருள் இருக்கிறது என்று எழுதினால், குறைந்தது பல்லவியை முழுதாக அச்சிடுங்கள். எந்த வரியில் அது பொருந்துகிறது, எதில் பொருந்தவில்லை என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து 'பாத காணிக்கை' படத்தின் 'வீடு வரை உறவு' பாட்டை எடுத்துக்கொள்ளலாம். சொத்து வீட்டோடு, மனைவி வீதியோடு, மகன் சுடுகாட்டோடு என்று பட்டினத்தார் முன்பே பாடியிருக்கிறார். ஆனால் அவர் பாட்டில் கடைசி வரை கூட வருவது புண்ணிய பாவம். கண்ணதாசனோ அந்த இடத்தில் 'கடைசி வரை யாரோ' என்று கேட்டு நிறுத்திவிட்டார். தெரிந்த பதிலை அவர் ஏன் எடுத்துவிட்டார்? விவரம் தெரிந்த யாரையாவது இதைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மெல்லிசை மேடைப் பாடகி ஒருவர்